குழந்தையின் முறையீடும் அதன் முடிவும்

அரசின் அதிகாரம் வீட்டின் வாசற்படியோடு நின்றுவிடும். அதற்கு அப்பால் வீட்டுத் தலைவனின் சொல்லே சட்டம் என்று உலகம் நெடுங்காலம் நம்பி வந்தது. அயலான் ஒருவன் புகுந்து குழந்தையை அடித்தால் ஊர் திரண்டு வரும். பெற்றவனே அடித்தால் ஊர் தன் கதவைச் சாத்திக்கொள்ளும். 'அடியாத மாடு படியாது' என்று மாட்டுக்குச் சொன்ன பழமொழியைக் குழந்தைக்கும் பொருத்தி மன அமைதி பெற்றவர் பலர். குழந்தைக்கு ஓட்டுரிமை இல்லை, சொத்து இல்லை, நீதிமன்றத்தின் படியேறும் வழியும் தெரியாது. அதன் சார்பில் வேறு ஒருவர் வாய் திறந்தாலன்றி அதன் துன்பம் வெளியே வருவதற்கில்லை.

அவ்வாறு பிறர் வாய் திறக்கும் வழக்கம் உலகில் எப்படித் தோன்றியது? வாய் திறந்த பின்னர் அக்குழந்தைகளின் கதி என்ன ஆயிற்று? இவ்விரு வினாக்களே இவ்வுரையின் பொருள். முதல் வினாவுக்கு விடை, நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட ஒரு வரலாறு. இரண்டாவது வினாவை ஆராய்ச்சியாளர் முறையாகக் கேட்கத் தொடங்கியது அண்மைக் காலத்தில்தான். அவர்கள் கண்ட விடையோ, நாம் எளிதாக எண்ணியிருந்த ஒன்றைத் தலைகீழாக்கிவிட்டது.

1860ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் ஆம்புருவாஸ் தார்தியூ என்ற மருத்துவர் ஓர் ஆய்வை வெளியிட்டார். குற்ற வழக்குகளில் உடலைச் சோதித்துச் சான்று கூறுவது அவருடைய தொழில். பெற்றோராலும் வளர்ப்போராலும் வதைக்கப்பட்ட 32 குழந்தைகளின் நிலையை அவர் அதில் விவரித்தார். அவர்களுள் 18 பேர் இறந்தவர்கள். காயங்களின் தன்மை, அவற்றைப் பற்றி வீட்டார் கூறிய பொருந்தாத காரணங்கள், குழந்தைகளின் முகத்தில் உறைந்திருந்த அச்சம் ஆகிய யாவற்றையும் அவர் குறித்து வைத்தார். எனினும் மருத்துவ உலகம் அதைப் படித்து மூடி வைத்துவிட்டது. கண்டவர் ஒருவர் இருந்தும், காண விரும்பாதவர் பலராக இருந்த காலம் அது.

பதினான்கு ஆண்டுகள் கழித்து, 1874ஆம் ஆண்டில், நியூயார்க் நகரில் நடந்த நிகழ்ச்சி உலகறிந்தது. ஏழை மக்கள் நெருங்கி வாழும் குடியிருப்பு ஒன்றில் மேரி எல்லன் என்னும் பத்து வயதுச் சிறுமி நாள்தோறும் அடிபட்டு வந்தாள். அண்டை வீட்டார் அவளுடைய அழுகுரலை அறிவர். ஏழைகளின் இல்லங்களுக்குச் சென்று உதவி வந்த எட்டா வீலர் என்ற அம்மையார் செய்தி கேட்டுப் பதறினார். காவலரிடம் சென்றார், அறநிலையங்களை நாடினார். 'சான்று எங்கே? உரிமை எங்கே?' என்ற கேள்விகளே விடையாகக் கிடைத்தன. முடிவில், விலங்குகளை வதையினின்று காக்கும் சங்கத்தை 1866இல் நிறுவியிருந்த ஹென்ரி பெர்க் என்பவரிடம் அவர் முறையிட்டார். பெர்க்கின் நண்பரான வழக்கறிஞர் எல்பிரிட்ஜ் கெர்ரி நீதிமன்றத்தில் மனுச் செய்து சிறுமியை மீட்டார். அவளை வதைத்த வளர்ப்புத்தாய்க்கு ஓராண்டுச் சிறைத் தண்டனை கிடைத்தது.

மேரி எல்லனை 'ஒரு விலங்கு' என்று கருதி விலங்கு வதைச் சட்டத்தால் மீட்டனர் என்று ஒரு கதை இன்றும் வழங்குகிறது. அது உண்மையன்று. ஆட்கொணர்வு முறையை ஒட்டிய சட்டப் பிரிவு ஒன்றையே கெர்ரி கையாண்டார். அதாவது, வழி அன்றும் இருந்தது. அதைத் தேடிக் கண்டுபிடிக்கும் உறுதியுள்ளவர்தாம் அதற்கு முன் இல்லை. அவ்வழக்கின் விளைவாகக் குழந்தைகளை வதையினின்று காப்பதற்கென்றே ஒரு சங்கம் நியூயார்க்கில் 1875இல் முறைப்படி அமைந்தது.

இக்கதையின் பிற்பகுதியைப் பலர் சொல்வதில்லை. மீட்கப்பட்ட சிறுமியை முதலில் ஒரு விடுதியில் சேர்த்தனர். நெறி தவறிய மூத்த பெண்கள் தங்கும் இடம் அது. எட்டா வீலர் அத்துடன் தம் கடமை முடிந்தது என்று இருந்துவிடவில்லை. மீண்டும் முயன்று, சிறுமியைத் தம் தாயிடமும், தாய் மறைந்த பின் தம் சகோதரியிடமும் வளரச் செய்தார். மேரி எல்லன் மணம் புரிந்து, மக்களைப் பெற்று, 1956ஆம் ஆண்டில் தமது 92ஆம் வயதில் இயற்கை எய்தினார். தம் மகள் ஒருத்திக்கு எட்டா என்றே பெயர் சூட்டியிருந்தார். அவரைச் சிறையினின்று விடுவிப்பதுபோல் வதையினின்று விடுவித்தது முறையீடு. அவருக்கு வாழ்வு தந்தது முறையீட்டுக்குப் பின் நடந்த தொண்டு. இவ்வேறுபாட்டை நாம் மனத்தில் இருத்த வேண்டும்.

இங்கிலாந்தில் 1889ஆம் ஆண்டில் குழந்தை வதைத் தடுப்புச் சட்டம் நிறைவேறியது. குழந்தைக்கு ஆபத்து என்று கருதினால் காவலர் வீட்டுக்குள் நுழையும் உரிமையை அச்சட்டம் தந்தது. வாசற்படியை அரசு முதன்முறையாகத் தாண்டியது எனலாம். நம் நாட்டில் இத்துறையில் முந்தி நின்றது சென்னை மாகாணம். இளங்குற்றவாளிகளை விசாரிக்கும் முறையையும், சிறுவர் சிறுமியரின் பாதுகாப்பையும் ஒருங்கே கருதிய சென்னைக் குழந்தைகள் சட்டம் 1920இல் பிறந்தது. வங்காளம் 1922லும், பம்பாய் 1924லும் அதனைப் பின்பற்றின.

சட்டங்கள் தோன்றினும், மருத்துவரின் கண் இன்னும் திறக்கவில்லை. அதைத் திறந்தது எக்ஸ் கதிர். 1946ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஜான் கேஃபி என்னும் கதிர்ப்பட வல்லுநர் ஒரு கட்டுரை எழுதினார். மூளையைச் சுற்றி இரத்தம் கட்டியிருந்த ஆறு கைக்குழந்தைகளின் படங்களை அவர் ஆராய்ந்தார். அவர்களுடைய கை கால்களின் நீண்ட எலும்புகளில் 23 முறிவுகள் காணப்பட்டன. சில புதியவை, சில ஆறியவை, சில ஆறிக்கொண்டிருந்தவை. நடக்கவும் தெரியாத குழந்தைக்கு வெவ்வேறு நாட்களில் எலும்பு முறிவானேன்? பெற்றோர் எவரும் காரணம் கூறவில்லை. கேஃபியும் அன்று எவர்மீதும் வெளிப்படையாகக் குற்றம் சாட்டவில்லை. படம் பேசிற்று, மனிதர் தயங்கினர்.

அத்தயக்கத்தை உடைத்தவர் ஹென்ரி கெம்பி. 1922இல் ஜெர்மனியில் பிறந்து, நாஜிகளின் கொடுமைக்குத் தப்பி அமெரிக்கா சேர்ந்த குழந்தை மருத்துவர் அவர். அம்மை நோய் ஆராய்ச்சியிலும் அவர் புகழ் பெற்றவர். சென்னையில் பெரியம்மை நோயாளிகளுடன் பழகியவர்களை நோய் தொற்றாமல் காப்பது குறித்து நடந்த ஆய்வுகளில் அவருக்குப் பங்குண்டு. 1961லும் 1963லும் வெளியான அவ்வாய்வுக் கட்டுரைகளில் அவர் பெயரைக் காணலாம். அவரும் அவருடைய துணைவர்களும் 1962ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் 'அடிபட்ட குழந்தையின் நோய்க்குறி' என்ற பொருளில் ஒரு கட்டுரை வெளியிட்டனர்.

அதில் தரப்பட்ட கணக்கு மருத்துவ உலகை உலுக்கிவிட்டது. 71 மருத்துவமனைகளில் ஓராண்டில் வதைக்குள்ளாகிச் சேர்ந்த குழந்தைகள் 302 பேர். அவர்களுள் 33 பேர் இறந்தனர். 85 பேருக்கு மூளையில் நிலைத்த ஊறு ஏற்பட்டது. பெரும்பாலோர் மூன்று வயதுக்கு உட்பட்டவர்கள். 'பெற்றோர் இவ்வாறு செய்வரா?' என்று ஐயுறுவதே மருத்துவரின் கண்ணை மறைக்கிறது என்றும், குழந்தைக்குத் தான் செய்ய வேண்டிய கடமையை மருத்துவர் மறக்கலாகாது என்றும் அக்கட்டுரை இடித்துரைத்தது.

விளைவு விரைந்து வந்தது. வதையை ஐயுறும் மருத்துவர் அதை அரசுக்குத் தெரிவிப்பது கட்டாயம் என்னும் சட்டம், 1963 முதல் 1967க்குள் அமெரிக்காவின் எல்லா மாநிலங்களிலும் இயற்றப்பட்டது. 1974இல் மத்திய அரசின் சட்டமும் வந்தது. பின்னர் ஆசிரியர், செவிலியர், சமூகத் தொண்டர் எனக் கடமைப்பட்டோரின் வட்டம் விரிந்தது. முறையீடுகள் ஓடையாகத் தொடங்கி வெள்ளமாயின. 2022ஆம் ஆண்டில் மட்டும் 42 இலட்சத்துக்கு மேற்பட்ட முறையீடுகள், ஏறத்தாழ 75 இலட்சம் குழந்தைகளைக் குறித்து அந்நாட்டில் வந்து சேர்ந்தன. வதைக்குள்ளானவர்கள் என்று முடிவு செய்யப்பட்டவர்கள் சுமார் 5,59,000 பேர். அவர்களுள் நான்கில் மூன்று பங்கினரின் துன்பம் அடியன்று, புறக்கணிப்பு. உணவின்மை, மருத்துவமின்மை, பார்த்துக்கொள்ள ஆளின்மை என்பவை அதன் வடிவங்கள்.

இங்கேதான் இரண்டாவது வினா எழுந்தது. ஒவ்வொரு முறையீட்டையும் விசாரிக்கும் அலுவலர் இறுதியில் ஒரு முத்திரை இடுகிறார். 'மெய்ப்பிக்கப்பட்டது' என்பது ஒன்று. 'மெய்ப்பிக்கப்படாதது' என்பது மற்றொன்று. முதல் அடுக்கில் உள்ள குழந்தைக்குக் கவனிப்பு உண்டு. இரண்டாம் அடுக்கில் உள்ள கோப்பு பெரும்பாலும் மூடப்படும். 'அது வீண் புகார். நல்லவேளை, ஒன்றும் நடக்கவில்லை' என்று பலரும் கருதினர். அக்கருத்து சரிதானா?

பிரெட் டிரேக் என்னும் அமெரிக்கச் சமூகப்பணிப் பேராசிரியர் 1996இல் இதை ஆராயப் புகுந்தார். ஒரு முறையீடு மெய்ப்பிக்கப்படாமைக்குக் காரணம் இரண்டு என்று அவர் பிரித்துக் காட்டினார். தீங்கு சட்டம் கூறும் அளவுக்கு இல்லாமற் போகலாம். அல்லது தீங்கு இருந்தும் சான்று போதாமற் போகலாம். இரண்டும் 'ஒன்றும் நடக்கவில்லை' என்பதோடு ஒன்றல்ல. 2003ஆம் ஆண்டில் அவரும் உடன் பணிபுரிந்தோரும் மிசௌரி மாநிலத்துப் பதிவுகளைத் தொடர்ந்து சென்று பார்த்தனர். மெய்ப்பிக்கப்பட்ட குழந்தைகளைப் பற்றி மீண்டும் முறையீடு வந்த அளவுக்கு ஒத்த அளவிலேயே, மெய்ப்பிக்கப்படாத குழந்தைகளைப் பற்றியும் முறையீடு வந்தது. 2005இல் வெளியான மற்றோர் ஆய்வு, ஐந்து இடங்களில் குழந்தைகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தது. எட்டு வயதில் அவர்களுடைய நடத்தை, மனநிலை, வளர்ச்சி ஆகியவற்றை அளந்தபோது, இரு அடுக்கினருக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. 2009இல் நாடளாவிய தரவுகளைக் கொண்டு நடந்த ஆய்வும் அதே முடிவுக்கு வந்தது.

எல்லாவற்றிலும் கடுமையான செய்தி 2011இல் கிடைத்தது. கலிபோர்னியாவில் 1999 முதல் 2006 வரை பிறந்த சுமார் 43 இலட்சம் குழந்தைகளின் பிறப்பு, முறையீடு, இறப்பு ஆகிய பதிவுகளை எமிலி புட்னம்-ஹார்ன்ஸ்டைன் என்னும் ஆராய்ச்சியாளர் ஒன்றோடொன்று இணைத்துப் பார்த்தார். ஐந்து வயதுக்குள், பிறர் வேண்டுமென்றே இழைத்த காயத்தால் இறந்த விகிதம், ஒருமுறையேனும் முறையீட்டுக்கு உள்ளான குழந்தைகளிடையே மற்றவர்களைவிட ஏறத்தாழ ஆறு மடங்கு இருந்தது. விபத்தால் இறந்த விகிதமும் இரு மடங்கு. வறுமை முதலிய பிற காரணங்களைக் கணக்கில் எடுத்துக்கொண்ட பின் கிடைத்த அளவு இது. அந்த முறையீட்டின்மேல் இடப்பட்ட முத்திரை எதுவாயினும் ஆபத்து இருந்தது என்பதே இதில் கவனிக்கத்தக்கது.

ஆகவே, முறையீடு என்பது தீர்ப்புக்காகக் காத்திருக்கும் குற்றச்சாட்டு மட்டுமன்று. அது ஓர் அபாய அறிவிப்பு. புகை கண்டு மணியடித்த பின், தீ எங்கே என்று உடனே தெரியவில்லை என்பதற்காக வீட்டைப் பூட்டிக்கொண்டு போவது அறிவுடைமை ஆகாது.

இதற்கு மறுபக்கமும் உண்டு; அதை மறைப்பது நேர்மையன்று. அமெரிக்கக் குழந்தைகளுள் நூற்றுக்கு 37 பேர், 18 வயதை எட்டுவதற்குள் ஒருமுறையேனும் இத்தகைய விசாரணைக்கு உட்படுகின்றனர் என்று 2017இல் ஒரு மதிப்பீடு வெளியாயிற்று. கறுப்பினக் குழந்தைகளிடையே அது நூற்றுக்கு 53. இவர்கள் யாவருடைய வீட்டிலும் கொடியவர்கள் இருக்கிறார்கள் என்று எவர் சொல்லத் துணிவார்? கூலி வேலைக்குப் போன தாய் குழந்தையைத் தனியே விட்டுச் செல்வது பல வேளைகளில் வறுமையின் கொடுமையேயன்றி மனத்தின் கொடுமையன்று. உதவி தேவைப்பட்ட வீட்டுக்கு விசாரணை மட்டும் சென்றால், அக்குடும்பம் அடுத்த முறை கதவைத் திறக்காது. முறையீட்டை அலட்சியம் செய்வது ஒரு பிழை. முறையீட்டைத் தண்டனையாக்கிவிடுவது மற்றொரு பிழை.

வதைக்குள்ளான குழந்தை பின்னாளில் கெட்டுப்போகும் என்று விதியெழுதுவதும் தவறு. கேத்தி ஸ்பாட்ஸ் விடோம் என்ற அறிஞர், 1967 முதல் 1971 வரை நீதிமன்றப் பதிவில் ஏறிய 908 குழந்தைகளை, அவர்களோடு ஒத்த சூழலில் வளர்ந்த 667 பேருடன் ஒப்பிட்டு, 1989இல் தம் முடிவை வெளியிட்டார். துன்புற்றவர்கள் பின்னர்க் குற்றங்களில் சிக்குவது மற்றவரைவிடக் கூடுதலாகவே இருந்தது. அடிபட்டவர்கள் மட்டுமல்லர், புறக்கணிக்கப்பட்டவர்களும் அவ்வாறே இருந்தனர். ஆயினும் அவர்களுள் பெரும்பாலோர் குற்றவாளிகள் ஆகவில்லை என்பதையும் அதே ஆய்வு காட்டிற்று. காயம் உண்மை, ஆனால் காயமே வாழ்வின் முடிவன்று.

இனி நம் நாட்டுக்கு வருவோம். மத்திய அரசின் பெண்கள் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளை வினவி, 2007இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. ஏதேனும் ஒரு வகைப் பாலியல் துன்புறுத்தலுக்கு உள்ளானதாகக் கூறிய குழந்தைகள் நூற்றுக்கு 53 பேர். உடலளவில் அடிபட்டவர்கள் மூவரில் இருவர். துன்புறுத்தியவர்களுள் பாதிப்பேர் குழந்தை அறிந்தவர்கள், நம்பியவர்கள். பெரும்பாலான குழந்தைகள் அதை எவரிடமும் சொல்லவில்லை. அமெரிக்காவின் சிக்கல் முறையீட்டு வெள்ளம் என்றால், நம்முடைய சிக்கல் மௌனம்.

அம்மௌனத்தைக் கலைக்கவே பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டம், போக்சோ என்று வழங்குவது, 2012 நவம்பர் 14 முதல் நடைமுறைக்கு வந்தது. இக்குற்றம் நிகழ்ந்ததை அறிந்தவரும், நிகழக்கூடும் என்று அஞ்சுபவரும், எவராயினும் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது அதன் 19ஆம் பிரிவு. நடந்ததை அறிந்தும் சொல்லாதிருப்பது தண்டனைக்குரியது. அடி, கைவிடல், வேண்டுமென்றே புறக்கணித்தல் ஆகியவற்றுக்கு 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தில் இடம் உண்டு. பெற்றோர் தம்மை மீறிய சூழ்நிலையால் குழந்தையைக் கைவிட நேர்ந்தால் அதை வேண்டுமென்றே செய்ததாகக் கொள்ளலாகாது என்று அச்சட்டம் கூறுவது, வறுமைக்கும் வன்மைக்கும் உள்ள வேறுபாட்டை உணர்ந்த சொல்லாகும்.

முடிவுகள் எவ்வாறு உள்ளன? விதி சட்டக் கொள்கை மையம் 2012 முதல் 2021 வரையிலான இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட போக்சோ வழக்குகளை ஆராய்ந்து 2022இல் அறிக்கை தந்தது. ஓராண்டுக்குள் முடிய வேண்டிய வழக்கு, சராசரியாக 510 நாட்கள் நீண்டது. முடிந்தவற்றுள் நூற்றுக்கு 43 விடுதலையில் முடிந்தன. தண்டனையில் முடிந்தவை 14 மட்டுமே. இவ்வெண்களைக் கண்டு, 'அப்படியானால் புகார்கள் பொய்' என்று சொல்வோர் உளர். மேலே கண்ட ஆராய்ச்சி வரலாற்றை அறிந்தவர் அவ்வாறு விரைந்து பேசமாட்டார். ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்படாதவனைத் தண்டிக்கலாகாது என்பது நீதியின் நெறி, அந்நெறி வாழ்க. ஆனால் குற்றவாளியைத் தண்டிக்கப் போதாத சான்று, குழந்தைக்கு உதவி செய்யப் போதுமானதே. நீதிமன்றம் ஒருவரை விடுவித்த நாளில், அக்குழந்தையின் படிப்பும் உறக்கமும் மன நலமும் என்ன ஆயின என்று கேட்க ஒருவர் வேண்டும்.

தாய்நாட்டுக்குள்ளேயே தாய்மொழிக்கு அயலான ஊர்களில் வாழும் தமிழ் மக்களுக்கு இது தொலைவிலுள்ள செய்தியன்று. மும்பையிலோ டெல்லியிலோ, ஊர்ச்சொந்தங்கள் ஒருவரையொருவர் சார்ந்து வாழும் குடியிருப்பில், 'நம்மவர் செய்தி நமக்குள் இருக்கட்டும்' என்ற எண்ணம் இயல்பாக எழும். வீடு பிடித்துக் கொடுத்தவரும், வேலை வாங்கிக் கொடுத்தவரும் மீது குறை சொல்ல நா எழாது. காவல் நிலையத்தில் பேசும் மொழி தாய்க்குத் தெரியாது. குழந்தைக்குத் தெரிந்த அளவோ தெருவில் விளையாடப் போதுமானதே. அந்நிய ஊரில் மௌனத்துக்கு இரட்டைப் பூட்டு.

அப்பூட்டுக்குச் சட்டத்திலேயே திறவுகோல் உண்டு. போக்சோ சட்டத்தின்படி, குழந்தைக்குப் புரியாத மொழியில் வாக்குமூலம் பதியப்படுமாயின், மொழிபெயர்ப்பாளர் ஒருவரை ஏற்படுத்தித் தர வேண்டும். தமிழில் சொல்ல விரும்பும் குழந்தை தமிழிலேயே சொல்லலாம். அது சலுகையன்று, உரிமை. நல்லெண்ணத்தோடு தகவல் தந்தவர்மீது வழக்குத் தொடர முடியாது என்பதும் அதே சட்டத்தின் உறுதிமொழி. 1996இல் மும்பையில் தொடங்கிய 1098 என்னும் குழந்தைகள் உதவி எண் பின்னர் நாடெங்கும் பரவி, 2023 முதல் அரசின் பொறுப்பில் இயங்குகிறது. மாவட்டந்தோறும் குழந்தைகள் நலக் குழு உண்டு. தமிழ்ச் சங்கங்கள் உள்ள நகரங்களில், இவ்வழிகளை அறிந்து, மொழி தெரியாத தாயோடு அலுவலகம் வரை உடன் செல்லும் இருவரை அமர்த்திக்கொள்வது கடினமான செயலன்று. விழாவுக்குப் பந்தல் போடத் தெரிந்த சமூகத்துக்கு இதுவும் இயலும்.

தார்தியூ எழுதினார், உலகம் படிக்கவில்லை. எட்டா வீலர் முறையிட்டார், நீதிமன்றம் கேட்டது. கெம்பி எண்ணிக் காட்டினார், சட்டங்கள் பிறந்தன. அவருக்குப் பின் வந்தவர்கள், கோப்பு மூடப்பட்ட குழந்தைகளையும் தேடிச் சென்று பார்த்தார்கள். அவர்கள் நமக்கு விட்டுச் சென்ற பாடம் எளியது. ஒரு குழந்தையைப் பற்றி ஒருவர் அஞ்சி வாய் திறந்துவிட்டால், 'உண்மையா, பொய்யா?' என்பதோடு நம் கேள்வி முடிந்துவிடலாகாது. 'இக்குழந்தைக்கு இன்று என்ன வேண்டும்? ஆறு மாதம் கழித்து யார் போய்ப் பார்ப்பார்?' என்பவையும் கேட்கப்பட வேண்டும். அவற்றுக்கு விடை கூற நீதிபதியாகவோ மருத்துவராகவோ இருக்க வேண்டியதில்லை. அடுத்த வீட்டுக்காரராக இருந்தாலே போதும்.